தோட்டப்புறச் சிறு தொழில்களும் வரி அடையாள இலக்கமும்

மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்து வாழும் குடும்பங்களுட் பல இக்காலத்தில் தோட்டச் சம்பளத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை. லயத்துக்குப் பின்னாலுள்ள சிறு நிலத்தில் லீக்ஸ், கரட், கோவா, போஞ்சி முதலியவற்றைப் பயிரிட்டு நுவரெலியாப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு அனுப்புவோர் உளர். ஓரிரு கறவைப் பசுக்களை வைத்துப் பால் சேகரிக்கும் நிலையத்துக்கு நாள்தோறும் பால் கொடுப்போர் உளர். கோழி வளர்ப்பு, காளான் வளர்ப்பு, பூங்கன்றுத் தவறணை, தையல், சில்லறைக் கடை என்று பல தொழில்கள் லயங்களிலிருந்தே நடத்தப்படுகின்றன. அட்டன், தலவாக்கலை, நானுஓயாப் பகுதிகளில் இவற்றைக் காணாத தோட்டம் அரிது.

இத்தகைய தொழில் ஒருபடி உயரும்போது அதுவரை எழாத ஒரு கேள்வி எழுகின்றது. வங்கியில் நடைமுறைக் கணக்குத் திறக்கச் சென்றாலும், ஒரு விடுதிக்கு ஒழுங்காக மரக்கறி வழங்க உடன்பட்டாலும், பழைய லொறி ஒன்றை விலைக்கு வாங்க முயன்றாலும், “வரி இலக்கம் உண்டா?” என்று கேட்கின்றனர். இதைக் கேட்ட மாத்திரத்தே பலர் வந்த காரியத்தைக் கைவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். வரி என்ற சொல்லே அவர்களை வெருட்டிவிடுகின்றது. இலக்கம் பெற்றால் மறுநாளே வரி கட்டவேண்டிவரும் என்றும், தோட்டச் சம்பளத்திலும் கைவைப்பார்கள் என்றும் நம்புவோர் இன்றும் உளர். இவ்விரண்டும் தவறான எண்ணங்கள். இலக்கம் வேறு, வரி வேறு.

இலக்கம் யாது?

இலங்கையில் வருமானவரி 1932ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. இப்போது நடைமுறையிலிருப்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதற்குப் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களுமாகும். இச்சட்டத்தின்படி உள்நாட்டு இறைவரித் திணைக்களம் ஒருவரை அடையாளங் காண்பதற்காக வழங்கும் 9 தானங்கொண்ட எண்ணே வரி செலுத்துநர் அடையாள இலக்கமாகும். தேசிய அடையாள அட்டையின் இலக்கம் ஓர் ஆளைக் குறிப்பதுபோல இது இறைவரித் திணைக்களத்தின் ஏட்டில் அவ்வாளைக் குறிக்கின்றது. அதற்கு மேல் அந்த எண்ணில் யாதும் இல்லை.

தோட்டத்தில் வேலைசெய்வோர் ஏற்கெனவே பல இலக்கங்களை உடையவர். செக்ரோலில் ஓர் எண், ஊழியர் சேமலாப நிதியில் ஓர் எண், வங்கிப் புத்தகத்தில் ஓர் எண். இவற்றுள் எதுவும் வரி இலக்கமன்று. பிரதேச செயலகத்தில் கடையின் பெயரைப் பதிந்து பெறும் வியாபாரப் பதிவு இலக்கமும் இதுவன்று. பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, “இலக்கம் இருக்கின்றதே” என்று கூறி வங்கியிலிருந்து திருப்பியனுப்பப்படுவோர் உண்டு.

வரி இலக்கம் ஆளுக்கு உரியது, கடைக்கு உரியதன்று என்பதையும் இங்கு குறித்தல் வேண்டும். தனியொருவர் நடத்தும் தொழிலில் அவர் பெயரிலேயே இலக்கம் பெறப்படும். கணவனுக்கு ஓர் இலக்கம், மனைவிக்கு வேறோர் இலக்கம். மனைவி நடத்தும் கோழிப்பண்ணைக்குக் கணவனின் இலக்கத்தைக் கொடுத்தால் அவ்வருமானமெல்லாம் அவன் பெயரில் ஏறிவிடும். இருவர் கூட்டாகத் தொழில் நடத்தின் அக்கூட்டுக்குத் தனி இலக்கம் வேண்டும்.

2023 மே மாதத்தில் வெளியான வர்த்தமானி அறிவித்தலின் வழியாகப் பல தொழிலினரும் இலக்கம் பெறவேண்டுமென விதிக்கப்பட்டது. பிரதேச செயலகத்தில் வியாபாரம் பதிந்தோரும், முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், கை உழவு இயந்திரம் என்பன தவிர்ந்த மோட்டார் வாகனம் உடையோரும் அவருள் அடங்குவர். 2024 ஜனவரி 1 முதல் 18 வயது நிரம்பிய யாவருக்கும் இது விரிக்கப்பட்டது. அன்றியும், நடைமுறைக் கணக்குத் திறத்தல், கட்டட வரைபடத்துக்கு அங்கீகாரம் பெறுதல், வாகனத்தைப் பதிதல், காணியை அல்லது அதன் உறுதியைப் பதிதல் ஆகிய காரியங்களுக்கு இலக்கத்தைக் காட்டவேண்டுமென்று 2023ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது. இவற்றை நடைமுறைப்படுத்தும் நாட்கள் மாற்றப்பட்டமையால், காரியத்தைத் தொடங்குமுன் உரிய கந்தோரில் விசாரித்துக்கொள்ளுதல் நன்று.

வரி எப்போது உண்டாகும்?

இதனை எண்களைக்கொண்டு விளக்குவதே தெளிவு. வரியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மறுவருடம் மார்ச் 31இல் முடியும். 2025 ஏப்ரல் 1 முதல் இந்நாட்டில் வதியும் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,800,000 ரூபா தனிநபர் நிவாரணமாக விடப்பட்டுள்ளது. அத்தொகை வரைக்கும் வருமானவரி இல்லை. அதற்கு மேற்பட்ட முதற் 1,000,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 6 வீதம் வரி. அதற்கு மேலும் செல்லுமாயின் 18, 24, 30, 36 வீதம் என்று படிப்படியாக உயரும்.

தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியை உதாரணமாகக் கொள்ளலாம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் மாதம் 25 நாள் வேலை செய்தாலும் அவளுடைய சம்பளம் மாதத்துக்கு 33,750 ரூபாவும் ஆண்டுக்கு 405,000 ரூபாவுமேயாகும். அவள் லீக்சும் கரட்டும் விற்று ஆண்டில் 2,400,000 ரூபா பெறுகின்றாள் என்க. விதை, பசளை, மருந்து, கூலி, லொறி வாடகை ஆகியவற்றுக்கு 1,500,000 ரூபா செலவாயிற்று. எஞ்சுவது 900,000 ரூபா. சம்பளத்தையும் கூட்டினால் அவளுடைய முழு வருமானம் 1,305,000 ரூபா. இது நிவாரணத்தொகைக்குக் குறைந்தது. அவளிடம் இலக்கம் இருந்தாலும் கட்டவேண்டிய வரி ஒரு சதமுமில்லை.

வேறொருவருக்குச் சில்லறைக் கடையிலிருந்து செலவுபோக 1,600,000 ரூபா இலாபம் வருகின்றது. தோட்டச் சம்பளமும் முன்கூறிய அளவே. மொத்தம் 2,005,000 ரூபா. நிவாரணத்தைக் கழித்தால் எஞ்சுவது 205,000 ரூபா. இதற்கு 6 வீத வரி 12,300 ரூபா. இலட்சக்கணக்கில் வரி வரும் என்று நடுங்கிக்கொண்டிருப்பவர் இத்தொகையைக் கவனிக்கவேண்டும்.

முதலாவது உதாரணத்தில் வேறொரு பாடமும் உண்டு. அப்பெண்ணின் விற்பனை 2,400,000 ரூபா. அத்தொகை மட்டும் வங்கிப் புத்தகத்தில் தெரியும். செலவாகிய 1,500,000 ரூபாவுக்குச் சீட்டு எதுவும் இல்லையெனில் அச்செலவை அவள் எதைக்கொண்டு நிறுவுவாள்? வரி இலாபத்துக்கேயன்றி விற்பனைக்கு அன்று. ஆயினும் இலாபம் இவ்வளவே என்று காட்டவேண்டிய பொறுப்பு தொழில் செய்பவரையே சாரும். இதைப்பற்றிப் பின்னர் விரிவாகக் கூறப்படும்.

விவசாயத்துக்கு வரியே இல்லை என்று கமக்காரர் சிலர் உறுதியாகக் கூறுவர். அவர்கள் கூறுவது முற்றிலும் பொய்யன்று, காலங்கடந்த உண்மை. 2019 ஏப்ரல் 1 முதல் 5 ஆண்டுகளுக்கு விவசாய இலாபம் வருமானவரியினின்றும் விலக்கப்பட்டிருந்தது. அந்த ஐந்தாண்டும் 2024 மார்ச் 31உடன் முடிந்தன. பெறுமதி சேர்த்த வரியைப்பற்றி இத்தகைய சிறு தொழிலினர் கவலைகொள்ள வேண்டியதில்லை. அது கோடிக்கணக்கில் விற்பனை செய்வோருக்கு உரியது.

விண்ணப்பிக்கும் முறை

இலக்கத்துக்குக் கட்டணம் கிடையாது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். அல்லது கண்டி முதலிய நகரங்களிலுள்ள அதன் பிராந்தியக் கந்தோர்களுக்கு நேரிற் செல்லலாம். தேசிய அடையாள அட்டையின் இருபக்கப் பிரதியும், வியாபாரம் பதியப்பட்டிருப்பின் அச்சான்றிதழின் பிரதியும், இப்போது வசிக்கும் முகவரி அட்டையிலுள்ளதினின்றும் வேறுபடின் அதற்கான அத்தாட்சியும் வேண்டும். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழோ, மின்கட்டணச் சீட்டோ அத்தாட்சியாகும். லயத்துக் காம்பராக்களுட் பலவற்றுக்கு மின்கட்டணச் சீட்டு குடியிருப்பவர் பெயரில் வருவதில்லை. ஆதலால் தோட்டப்புறத்தவர் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை முன்னரே பெற்றுக்கொண்டு செல்லுதல் உத்தமம்.

நகரத்திலுள்ள சில கடைகளில் பணம் பெற்றுக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கின்றனர். எழுதிக் கொடுப்பதற்குச் சிறு கூலி கொடுப்பது குற்றமன்று. எனினும் இலக்கத்துக்கே விலையுண்டு என்று யாரேனும் கூறின் அதை நம்பலாகாது. ஒருவருக்கு ஒரே இலக்கந்தான். விண்ணப்பிக்கையில் முன்பே பதிவு உண்டு என்று தெரியவரின், இரண்டாவது இலக்கம் கேட்காது அதையே விசாரித்துப் பெறவேண்டும்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் தடைப்படுவது பெயரிலும் முகவரியிலுமே. மலைநாட்டுத் தமிழர் ஒருவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறுவிதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருத்தல் சாதாரணம். பழைய அட்டைகளில் பெயர் சிங்களத்தில் மட்டுமே எழுதப்பட்டிருப்பதுமுண்டு. தமிழ்ப் பெயரைச் செவியால் கேட்டுச் சிங்களத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எழுத்துகள் கூடியும் குறைந்தும் போகின்றன. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கும். விண்ணப்பிப்பவர் தமக்குச் சரியென்று தோன்றும் எழுத்தை எழுதாது, அடையாள அட்டையில் உள்ளவாறே ஓர் எழுத்தும் மாறாது எழுதவேண்டும். வங்கிப் புத்தகத்தில் வேறுபாடு இருப்பின் முதலில் அதனைத் திருத்துவித்துக்கொள்ளுதல் வேண்டும்.

முகவரி இதனினும் பெரிய சிக்கல். நகரத்தில் வீட்டிலக்கமும் தெருவின் பெயரும் உண்டு. தோட்டத்திலோ லயத்தில் வாழும் பலருக்குத் தோட்டத்தின் பெயரும் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்ற குறிப்பும் அன்றி வேறு முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் கந்தோருக்குச் சென்று, அங்கிருந்து பிரட்டுக்களத்திலோ கொழுந்து மடுவத்திலோ கைமாறி, ஒரே பெயருடைய மற்றொருவர் வீட்டையும் சென்றடையக்கூடும். சாதாரண கடிதம் பிந்துவதால் நட்டம் சிறிது. இறைவரித் திணைக்களத்தின் அறிவித்தல் பிந்தினால் அப்படியன்று. குறித்த நாளுக்குள் பதில் கூறாதவருக்குத் தண்டம் வரலாம். அறிவித்தல் தமக்குக் கிடைக்கவில்லை என்பதை நிறுவுதலும் எளிதன்று. ஆகவே முகவரியில் பிரிவின் பெயர், லயத்தின் இலக்கம், காம்பராவின் இலக்கம், தோட்டம், தபாற்கந்தோர் ஆகிய யாவற்றையும் எழுதுதல் வேண்டும். நம்பிக்கைக்குரிய உறவினர் நகரத்தில் இருப்பின் அவருடைய வீட்டைத் தபால் முகவரியாகக் கொடுக்க முடியுமா என்று கந்தோரில் கேட்டறியலாம்.

தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சல் முகவரியும் விண்ணப்பிப்பவருடையனவாகவே இருத்தல் வேண்டும். இதில் மிகுந்த கவனம் தேவை. மரக்கறி வாங்கும் வியாபாரி, “நான் செய்து தருகிறேன் தம்பி, அடையாள அட்டையைக் கொடு” என்று கூறித் தம் தொலைபேசி இலக்கத்தையே பதிந்துவிட்டால், பின்னர் வரும் இரகசிய இலக்கமும் அறிவித்தல்களும் அவருக்கே போகும். இலக்கத்தின் சொந்தக்காரர் தம் பெயரில் என்ன நடக்கின்றது என்பதை அறியமாட்டார். மின்னஞ்சல் இல்லாதவர் பாடசாலையிற் படிக்கும் மகனையோ மகளையோ கொண்டு தம் பெயரில் ஒன்றைத் திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

கடைக்குத் தனிப்பெயர் வைப்போர் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிதல் வேண்டும். தம் முழுப்பெயரிலேயே தொழில் நடத்துவோருக்கு இது அவசியமன்று. லயத்துக் காம்பராவில் கடை வைத்திருப்போர் அவ்விடம் தமக்குச் சொந்தமன்று என்பதால் தோட்ட நிர்வாகத்தின் இசைவுக் கடிதத்தைப் பெற முயலவேண்டும். இது சில தோட்டங்களில் ஒரு நாளிலும் சில தோட்டங்களில் பல மாதங்களிலும் கிடைக்கும். கடிதம் வரும்வரை வரி இலக்கத்தைத் தாமதப்படுத்த வேண்டியதில்லை. அதை முதலில் பெற்று, வியாபாரப் பதிவைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

கணக்குக் கொப்பி

தோட்டத்தவர் கணக்கை வெகுகாலம் பிறரே எழுதினர். துண்டு என்ற கடன்சீட்டு 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை ஒரு தொழிலாளியின் கடன் எவ்வளவு என்பதைக் கங்காணியின் ஏடே தீர்மானித்தது. இன்றும் பறித்த கொழுந்தின் நிறையைத் தொழிலாளியைக் காட்டிலும் மடுவத்துச் சீட்டே அறிந்திருக்கின்றது. சொந்தத் தொழிலில் அவ்வாறு விடலாகாது.

இதற்கு விலையுயர்ந்த ஏடு வேண்டியதில்லை. பாடசாலைக் கொப்பி ஒன்று போதும். இடப்பக்கத்தில் வரவும் வலப்பக்கத்தில் செலவும் எழுதப்படல் வேண்டும். லீக்ஸ் விற்ற அன்று தேதி, எத்தனை கிலோ, கிலோவின் விலை, தரகு கழிவு, கைக்கு வந்த தொகை ஆகியவற்றை அன்றிரவே எழுதவேண்டும். மறுநாள் எழுதலாம் என்று விட்டவை எழுதப்படுவதே இல்லை. பொருளாதார மத்திய நிலையத்தில் தரும் சீட்டைக் கசக்கிச் சட்டைப்பையில் போடாது, ஒரு கம்பியிற் கோத்து வைத்தல் வேண்டும். பசளைக் கடையில் சீட்டைக் கேட்டு வாங்கவேண்டும். சீட்டின்றிச் சிறிது விலை குறைத்துத் தருகிறேன் என்றால் அந்த இலாபம் உண்மையில் இலாபமா என்று முன்கூறிய பெண்ணின் கணக்கைக்கொண்டு யோசித்தறிக. கூலியாள் சீட்டுத் தரமாட்டான். அவனுடைய பெயர், நாள், தொகை ஆகியவற்றை எழுதி ஒப்பம் பெற்றால் அதுவே சீட்டாகும்.

வீட்டுக்கு எடுத்த கோவாவும், பிள்ளைகளின் பாடசாலைச் செலவும், வீட்டார் கூலியின்றிச் செய்த வேலையும் தொழிற்செலவாகா. இவற்றைக் கலந்தெழுதினால் கொப்பி முழுவதிலும் நம்பிக்கை போய்விடும். கொப்பியையும் சீட்டுகளையும் 5 ஆண்டுகள் பாதுகாக்கவேண்டும். நுவரெலியா மழையில் காகிதம் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். தகரப்பெட்டியிலிட்டு அடுப்படிப் பக்கத்தில் உயர வைத்தல் நல்லது. இக்கொப்பி வரிக்காக மட்டும் உதவுவதன்று. எந்தப் பயிர் நட்டம், எந்த மாதத்தில் லீக்ஸ் விலை வீழ்கின்றது, லொறி வாடகை இலாபத்தில் எவ்வளவைத் தின்கின்றது என்பனவெல்லாம் ஓராண்டுக் கொப்பியைப் புரட்டினால் தெரிந்துவிடும். வங்கியிற் கடன் கேட்பவருக்கும் இதனைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

இலக்கம் பெற்ற பின்னர்

நிவாரணத்தொகைக்கு மேல் வருமானம் உடையோர், வரியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30க்குள் வருமான விபரத்திரட்டை அனுப்பவேண்டும். வரி தவணையாக ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் தேதிக்குள் செலுத்தப்படும். கட்டவேண்டிய வரி இல்லாதவர், திணைக்களம் கேட்டாலன்றி விபரத்திரட்டு அனுப்பவேண்டியதில்லை. ஆனால் கடிதம் வந்தால், வரி இல்லை என்ற தைரியத்தில் அதைப் பெட்டியில் வைத்துவிடலாகாது. வரி இல்லை என்பதையே பதிலாக எழுதி அனுப்பவேண்டும்.

வரி இல்லாதோருக்கு இலக்கத்தால் நேரடியான பயனும் ஒன்று உண்டு. வங்கிகள் வைப்புப் பணத்தின் வட்டியில் 2023 முதல் 5 வீதத்தையும், 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதத்தையும் வரியாகப் பிடித்துக்கொள்கின்றன. சேமலாப நிதியாகக் கிடைத்த 500,000 ரூபாவை ஒரு முதியவர் வங்கியில் இட்டு ஆண்டுக்கு 40,000 ரூபா வட்டி பெற்றால் அதில் 4,000 ரூபா அவர் கைக்கு வராது. அவருடைய முழு வருமானம் ஆண்டுக்கு 1,800,000 ரூபாவுக்கு மேற்படாதாயின், அதனைக் கூறும் வெளிப்படுத்தற் பத்திரமொன்றை வங்கியிற் கொடுத்து இக்கழிவை நிறுத்தலாம். அப்பத்திரத்தில் வரி இலக்கம் எழுதுவதற்கு இடமுண்டு. பத்திரம் கொடுப்பதற்கு முன் பிடிக்கப்பட்டதை வங்கி தானாகத் திருப்பித் தராது. ஆகையால் வைப்புச் செய்யும் அன்றே பத்திரத்தையும் கேட்டுவாங்கி நிரப்பிக் கொடுக்கவேண்டும்.

தொழிலை நிறுத்துவோரும், வேறு தோட்டத்துக்குக் குடிபெயர்வோரும், தொலைபேசி இலக்கத்தை மாற்றுவோரும் அதனைத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து, அறிவித்ததற்கான பிரதியைக் கணக்குக் கொப்பியோடு வைத்திருத்தல் வேண்டும். ஐயங்களைத் திணைக்களத்தின் 1944 என்னும் தொலைபேசி இலக்கத்திற் கேட்டறியலாம். பேசும்போது அடையாள அட்டை கையிலிருத்தல் அவசியம்.